கௌசிகாவின் பிறந்தநாளுக்கு இடம் பார்த்த விவரம்

திருப்பதி,
ரேணிகுண்டா ரோடு,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மாமா நாகேந்திரன் அவர்களுக்கு,

மருமகன் ஹேமநாத் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மகள் பிரமிளா, பேத்தி கௌசிகா மூவரும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியும், கறவை மாடுகளும், போன மாதம் ரிப்பேருக்குப் போன போர் மோட்டாரும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிய ஆவலாக இருக்கிறோம். பிச்சாட்டூர் பக்கம் நல்ல மழை என்று கேள்விப்பட்டோம். மகிழ்ச்சி.

போனில் கேட்க வேண்டியதை எல்லாம் பேப்பரில் எழுதிக் கேட்கிறானே என்று நினைக்க வேண்டாம் மாமா. நீங்கள்தான் போனை எடுப்பதில்லையே. பிரமிளா தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உங்களுக்குப் போன் போடுகிறாள். முதல் வாரம், "மணி அடிச்சிகினே கீது, எங்க நைனா மாட்டுக் கொட்டாயில இருப்பாரு" என்றாள். அடுத்த வாரம், "அங்க டவர் சரியில்ல போல கீது" என்றாள். அந்த டவர் உங்கள் கொல்லைக்கு நேர் பின்னால் நிற்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் "ஆமா ஆமா, டவர்தான்" என்று சொல்லிவிட்டு டி.வி. பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொள்வேன். இந்த வாரம் அவள் காரணம் தேடுவதில்லை. போன் போடுகிறாள், காதில் வைத்துக்கொள்கிறாள், மணி அடித்து ஓய்ந்ததும் முந்தானையில் போனைத் துடைத்து அலமாரி மேல் வைக்கிறாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் எதற்காகக் கோபமாக இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு நீங்கள் போன் செய்து, "இன்னா மாப்ள, கொழந்தைக்கு அஞ்சு வயசு ஆவப் போவுது, இந்த வாட்டி பர்த்டேவ இங்கயே பண்லாமே, நான் வூட்டுக்கு வெள்ள அடிச்சிகினு கீறேன்" என்று சொன்னபோது எனக்கு மனசு நிறைந்துதான் போயிற்று. அத்தை போன பிறகு அந்த வீட்டில் திதி கொடுத்ததைத் தவிர வேறு எதற்கும் நாலு பேர் கூடவில்லை. நீங்களாக வாய் திறந்து ஒரு நல்ல காரியம் பண்ணலாம் என்று கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே நான் "சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, இந்தக் காலத்து அப்பன் என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், "குழந்தையையே கேட்டுடலாம் மாமா, அவ பர்த்டேதானே" என்று ஸ்பீக்கரைப் போட்டு போனை அவளிடம் நீட்டினேன். நீங்கள், "கௌசிம்மா, தாத்தா வூட்ல பர்த்டே பண்லாமா கண்ணு?" என்று கேட்டீர்கள். அவள் வாயில் இருந்த பிஸ்கட்டை விழுங்கிவிட்டுப் பதில் சொன்னாள். நீங்களும் நானும் பிரமிளாவும் காதில் வாங்கியது "இல்ல தாத்தா" என்பது. உங்கள் பக்கத்தில் மாடு கத்துவது கேட்டது. பிறகு, "சரி மாப்ள, கொழந்த வாணான்னுட்சி, நீங்க டவுன்லயே பண்ணிக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். வெள்ளை அடித்து முடித்தீர்களா, பாதியில் விட்டுவிட்டீர்களா என்றுகூட அதற்குப் பிறகு எங்களுக்குத் தெரியாது.

தாத்தா வீடு வேண்டாம் என்றால் வேறு எங்கே என்று தேட வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ஏ.சி. பார்ட்டி ஹாலுக்கு மூவரும் போனோம். மேனேஜர் பையன் கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு, "தீம் ஏன்ட்டி சார்?" என்றான், என்ன தீம் என்று தெலுங்கில் கேட்கிறான். நான், "பர்த்டேதான் தம்பி" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காடு தீம் இருக்கிறது, ஆகாயம் தீம் இருக்கிறது, கடல் தீம் இருக்கிறது, கடல் என்றால் குழந்தை புகைக்குள்ளிருந்து சிப்பியில் வரும், கூடவே ஒரு ஆள் மீன் வேஷத்தில் ஆடிக்கொண்டு வருவான் என்று விவரமாகச் சொல்லி, அந்த மீனைக் காட்டுவதற்கு உள்ளே அழைத்துப் போனான். அது சாப்பாட்டு நேரம். மீன் தன் தலையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு டிபன் பாக்ஸில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கௌசிகா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நைனா, மீனு ஏன் தயிர்சாதம் துன்னுது?" என்று கேட்டாள். நான், "இங்க பண்லாமா கண்ணு?" என்றேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, "இல்ல நைனா" என்றாள். அப்படித்தான் என் காதில் விழுந்தது. சரி, மீனைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று வந்துவிட்டோம்.

அடுத்து காணிப்பாக்கம். பிரமிளாவுக்கு அங்கே ஒரு அர்ச்சனை பாக்கி இருந்தது. அதோடு சேர்த்து, பிறந்தநாளன்று பிள்ளையார் சந்நிதியில் பூஜை முடித்து, பக்கத்திலேயே ஒரு சத்திரத்தில் நாற்பது ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட்டுவிட்டால் என்ன என்று யோசித்தோம். கேக்குக்குப் பதில் சர்க்கரைப் பொங்கல், மெழுகுவத்திக்குப் பதில் நெய் விளக்கு. எனக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது, ஊதி அணைப்பதற்குப் பதில் ஏற்றுவதுதானே நம் வழக்கம். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், மடியில் உட்கார்த்தி வைத்து, "கௌசி, சாமிகிட்ட பர்த்டே பண்லாமா?" என்று கேட்டேன். மறுபடியும் அதே பதில். உங்களுக்கே தெரியும் மாமா, அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண ஊரே பயப்படும், கடன் தகராறு பாகத் தகராறு எல்லாம் அங்கே போய்த்தான் தீரும். அப்பேர்ப்பட்ட இடத்தில் ஒரு குழந்தை வேண்டாம் என்று சொன்னால் அது நிஜமாகவே வேண்டாம்தான் என்று முடிவு கட்டினேன். அவள் அங்கேயும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். கேட்ட என் காதுதான் சரியில்லை.

இப்போது எழுதப்போவதைப் படிக்கும்போது தயவுசெய்து கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிச்சாட்டூர் டேமுக்கு வந்திருந்தோம். என்கூட டைல்ஸ் கடையில் வேலை செய்யும் ரமணா, நாயுடுபேட்டைக்காரர், "ஹாலுக்கு ஏன் போறீங்க, தண்ணி பக்கத்துல பெட்ஷீட்ட விரிச்சி பசங்கள ஓடவிடுங்க" என்று சொன்னதால், இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சின்ன கேக்கோடு வந்தோம். காற்றில் மெழுகுவத்தி நிற்குமா என்று பரீட்சை பண்ணத்தான் அந்தக் கேக். நிற்கவில்லை. பிரமிளா முந்தானையை மறைவாகப் பிடித்தாள், நான் என் சட்டையைக் கழற்றிப் பிடித்தேன், கேக் டப்பாவின் மூடி பறந்து தண்ணீரில் விழுந்தது, அதைப் பிடிக்க நான் ஓடிய நேரத்தில் ஒரு ஆடு வந்து கேக்கின் மேலிருந்த சிவப்புப் பூவை மட்டும் தின்றுவிட்டுப் போயிற்று. சட்டை இல்லாமல், கையில் ஈர மூடியோடு நான் நிற்கிறபோது பைக்கில் வந்து நின்றவர் உங்கள் பக்கத்து வீட்டு ஹரிபாபு. "இன்னா தம்பி, மாமனார் வூட்டுக்கு வந்துகினு கீறீங்களா?" என்று கேட்டார். நான் "ஆமா" என்று சொல்லியிருக்கலாம், "இல்ல" என்றும் சொல்லியிருக்கலாம். "சும்மா காத்து வாங்க வந்தோம்" என்றேன். திருப்பதியிலிருந்து காற்று வாங்க ஒருவன் பிச்சாட்டூர் வரை வந்து, கூப்பிடு தூரத்தில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போகாமல் திரும்பினான் என்று அவர் உங்களிடம் என்னவெல்லாம் சேர்த்துச் சொன்னாரோ. உங்கள் வீட்டுக்கு வரப் பயமாக இருந்தது மாமா, அவ்வளவுதான். கோபமாக இருக்கிறவர் வாசலில் குழந்தையோடு போய் நின்று, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பிரமிளா தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். டேமிலும் கௌசிகா சொன்னது அதே பதில்தான்.

கடைசியாக எங்கள் வீட்டு மொட்டை மாடி. கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் சுலோசனா அம்மா நல்ல மனுஷிதான், ஆனால் சத்தம் ஆகாது. அனுமதி கேட்கப் போனேன். தாராளமாகப் பண்ணுங்கள் என்றார். பாட்டு போடக் கூடாது, பலூன் வெடிக்கக் கூடாது, மோட்டார் போட்டுத் தண்ணீர் வீணாக்கக் கூடாது, குழந்தைகள் குதிக்கக் கூடாது என்றார். "குழந்தைங்க நடக்கலாமாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெல்ல நடக்கட்டும்" என்றார். மேலே வந்து கௌசிகாவிடம் கேட்டேன். இம்முறை அவள் காலைத் தரையில் உதைத்து, மூன்று முறை ஒரே மூச்சில் சொன்னாள். ஒரு முறை சொன்னாலே வேண்டாம். மூன்று முறை என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

உண்மையைச் சொல்கிறேன் மாமா, அதற்குப் பிறகு எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. தாத்தா வீடு வேண்டாம், சாமி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், மாடி வேண்டாம் என்கிற குழந்தைக்கு என்னதான் குறை என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா, நாங்கள் இருவரும் உங்களைப் பற்றிக் கவலையாகப் பேசிக்கொள்வது அவள் காதில் விழுந்து வாடுகிறாளா என்று என்னென்னவோ நினைத்தேன். தலை பின்னிக்கொண்டிருக்கும்போது மெதுவாக, "கண்ணு, உனக்கு பர்த்டேவே வாணாமா?" என்று கேட்டேன். "வேணும் நைனா" என்றாள். "எங்கம்மா வேணும்?" என்றேன். மறுபடியும் அதையே சொன்னாள். "இல்லன்னா எப்படிம்மா, எங்கயாச்சும் பண்ணணும்ல?" என்றேன். அவள் கழுத்தைத் திருப்பி, வகுப்பில் பாடம் ஏறாத பிள்ளையை டீச்சர் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைக்கு அவ்வளவு பெரிய பெருமூச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முடிச்சு அவிழ்ந்தது சனிக்கிழமை, கடையில். அன்று பள்ளிக்கூடம் அரை நாள் என்பதால் அவளைக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தேன். நான் ஒரு பாத்ரூம் டைல்ஸைக் கையில் தூக்கிக் கஸ்டமருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ரமணா அவளைக் கல்லா மேல் உட்கார்த்தி, "ஏம்மா பங்காரம், நீ புட்டின ரோஜு எக்கட?" என்று கேட்டார். உன் பிறந்தநாள் எங்கே என்று தெலுங்கில் கேட்டார், அவ்வளவுதான். கௌசிகா, "இல்லு அங்கிள்" என்றாள். அவர், "ஓ, இண்ட்லோனா? மஞ்சிதி, மஞ்சிதி" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினார். ஓகோ வீட்டிலா, நல்லது நல்லது என்கிறார். என் கையிலிருந்த டைல்ஸ் கீழே விழுந்து உடைந்தது. நல்ல வேளை, கஸ்டமர் கால் மேல் விழவில்லை.

மாமா, அவள் ஒரு தடவைகூட "இல்ல" என்று சொல்லவே இல்லை. "இல்லு", அதாவது தெலுங்கில் வீடு, என்றுதான் சொல்லியிருக்கிறாள். இப்போது பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தெலுங்கு எழுத்து நடக்கிறது. அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆவு, அதாவது பசு, இ என்றால் இல்லு. புதிதாகக் கற்ற வார்த்தையை வீட்டில் பேசிக்காட்டினால் டீச்சர் கையில் ஸ்டார் வரைகிறாராம். அதனால் "வூடு" என்று சொல்லிக்கொண்டிருந்த பெண் "இல்லு"வுக்கு மாறிவிட்டாள். எனக்குத் தெலுங்கு தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். காலையிலிருந்து ராத்திரி வரை வருகிற ஒவ்வொரு கஸ்டமரிடமும் "மீ இல்லு எந்த பெத்ததி சார்?" என்று கேட்டு, வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொண்டுதான் டைல்ஸ் கணக்கே போடுகிறேன். ஆனால் கடைக்குப் போனால் எனக்குத் தெலுங்குக் காது, செருப்பைக் கழற்றி வீட்டுக்குள் வந்தால் தமிழ்க் காது. பெற்ற மகள் வாயிலிருந்து தெலுங்கு வரும் என்று அந்தக் காது எதிர்பார்க்கவே இல்லை. பிரமிளாவும் நீங்களும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. முழுத் தப்பும் என்னுடையது.

ஆக, விஷயம் இதுதான். அவள் உங்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. தாத்தா வூட்லயா என்று நீங்கள் கேட்டதற்கு, நம்ம வீட்டிலேயே பண்ணலாம் தாத்தா என்று சொல்லியிருக்கிறாள். அதுவும் உங்களுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும், மறைக்க விரும்பவில்லை. ஆசையாக வெள்ளை அடித்தவர் நீங்கள். ஆனால் குழந்தை தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது உங்களைத் தள்ளுவது ஆகாது மாமா. இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலிலேயே நடத்துவதாக ஏற்பாடு செய்துவிட்டோம். சோபாவை ரமணா வீட்டுக்கு அனுப்புகிறோம். கேக் சொல்லியாயிற்று. சுலோசனா அம்மாவிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு, குழந்தைகள் ஒரு மணி நேரம் மட்டும் குதித்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன். நீங்கள் சனிக்கிழமையே வந்துவிட வேண்டும். மாடு கறக்க ஆள் இல்லை என்று சொல்லக் கூடாது, ஹரிபாபுவிடம் கேட்டுக்கொள்ளலாம். நீங்கள் வராமல் அவள் கேக் வெட்டினால் பிரமிளா சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நிற்பாள், ஆனால் அந்தப் போட்டோவை எங்களால் எந்தக் காலத்திலும் எடுத்துப் பார்க்க முடியாது. இதை மாப்பிள்ளை முறுக்கை எல்லாம் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கவும். ஹரிபாபு நாளைக்குத் தீவனம் வாங்கத் திருப்பதி வருவதாகச் சொன்னார், அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாயால் சொல்லியனுப்பினால் வழியில் நாலு சேர்ந்துவிடும் என்பதால் கவரை நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். ஒட்டு பிரிந்திருந்தால் எனக்குத் தெரிவிக்கவும். பிரமிளாவின் வணக்கமும் கௌசிகாவின் முத்தங்களும்.

தங்கள் வாழ்த்தையும் வருகையையும் ஒருசேர வேண்டும்,
மருமகன்
ஹேமநாத்.

பி.கு.: மாமா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திருப்பதிக்கு வர வேண்டாம். என்ன எழுதினேன் என்று பிரமிளா கேட்டதால் ஒட்டிய கவரைக் கிழித்தேன். மேலே எழுதியதை எல்லாம் பிரமிளாவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு ஹாலிலேயே என்ற இடம் வந்ததும் கௌசிகா கலர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "நைனா, இது இல்லு இல்ல" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இது இல்லு இல்லன்னா இது இன்னாம்மா?" என்றேன். "இது போர்ஷன்" என்றாள். சுலோசனா அம்மா யாரிடம் பேசினாலும் மேல் போர்ஷன், மேல் போர்ஷன் என்றுதானே சொல்கிறார், அதைக் கேட்டுப் பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். "அப்ப இல்லு எது கண்ணு?" என்று கேட்டேன். புத்தகத்தை எடுத்துவந்து இ எழுத்துப் பக்கத்தைக் காட்டினாள். ஓட்டு வீடு, நடுவில் ஒரு கதவு, பக்கத்தில் ஒரு மாடு. "இல்லுக்குக் கீழ யாரும் இருக்க மாட்டாங்க நைனா, குதிச்சா யாரும் கத்த மாட்டாங்க. தாத்தாவுதுதான் இல்லு. அன்னிக்கே போன்ல சொன்னேன்ல?" என்றாள்.

நீங்கள் கேட்டது தாத்தா வூட்ல பண்லாமா என்று. அவள் சொன்னது ஆமாம் என்று. அந்த ஆமாமை வைத்துக்கொண்டுதான் நாம் எல்லோரும் இத்தனை நாளாக மனசு கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கிறோம். பிரமிளா முதலில் சிரித்தாள், அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், இப்போது உங்களுக்குப் பிடித்த முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருக்கிறாள். சுலோசனா அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன், அவரும் வருகிறாராம், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் எல்லோரும் அங்கே வருகிறோம். வெள்ளை அடித்தது பாதியில் நின்றிருந்தால் அப்படியே இருக்கட்டும், மீதியை வந்து நான் அடிக்கிறேன். நீங்கள் போனைக்கூட எடுக்க வேண்டாம் மாமா, கதவைத் திறந்து வைத்தால் போதும்.